அவளுக்குப் போட்ட நாற்காலி

ஒரு சிறுமியைச் சீரழித்துவிட்டு ஜெயிலுக்குப் போய்வந்தவன் பரஞ்சோதி. அவன் புத்தி மறுபடி அந்தப் பக்கம் போய்விடக் கூடாதென்று ஊர்க்காரர்கள் நான்கு பேர் தாங்களாகவே முன்வந்து, ஞாயிறுதோறும் காலையில் அவனோடு உட்கார்ந்து பேசுவார்கள். கூடவே ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கும். அது அந்தப் பிள்ளைக்கு. அவளை மறந்துவிட்டு யாரும் பேசக் கூடாதென்று அந்த வழக்கத்தை ஆரம்பித்துவைத்தவள் நெடுநெடுவென்றிருக்கும் இன்பவல்லி டீச்சர்தான்.

பரஞ்சோதி அந்தப் பக்கம் ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். வந்ததும் வராததுமாக டேபிள் ஃபேனை மட்டும் அந்த நாற்காலிக்குத் திருப்பிவைப்பான். மற்றவர்கள் புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்வார்கள்.

இந்த ஞாயிறு ஃபேனைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டு, சாவகாசமாகக் கால்மேல் கால் போட்டான். முகத்தில் சிரிப்பு.

"என்ன பரஞ்சோதி?"

"அவ வரலை டீச்சர். இனிமே வரமாட்டா."

டீச்சர் விருட்டென்று எழுந்துபோய் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தாள்.

அவன் சிரிப்பு அணைந்தது. காலைக் கீழே இறக்கினான். ஃபேனை அவள் பக்கம் திருப்பினான்.

"போதும், உங்க இடத்துக்கு வாங்க டீச்சர்" என்றார் ஒருவர்.

டீச்சர் எழுந்துகொள்ளப் பார்த்தாள். கால் தரைக்கு எட்டவில்லை.