ஸுஹாவின் கால்கள்

‘ஜூலை 8: பென்சிலை நீட்டி ஸுஹாவின் தலையை அளக்கும்போது முழங்கை மடங்கிவிட்டது. அந்தக் கணக்கில் படத்தில் அவள் கால்கள் நீண்டுவிட்டன. என் தவறுதான்.’

புக்கிட் காத்தில் ஊரின் ஓவிய வகுப்பில் தேவமலர் அழிப்பானை எடுத்ததுமே, மாடலாக நின்ற தோழி ஸுஹா ஓடிவந்து தடுத்தாள்.

“அழிச்சிராதலா! இந்தக் கால் இருந்தா நான் ஏர்ஹோஸ்டஸ்டி!”

விமானப் பணிக்கு நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் உயரம் வேண்டும். ஸுஹாவுக்கு நான்கு குறைவு. இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் நேர்காணல் முடிந்து துள்ளிக்கொண்டு வந்தாள். பேன்ட் கணுக்காலுக்கு மேலே நின்றது.

“நூத்தி அம்பத்தெட்டு மலர்! மூணு தடவ அளந்தாங்க. வேல கெடச்சிருச்சு!”

இருவரும் கட்டிக்கொண்டு குதித்தார்கள்.

வீட்டுக்கு வந்து தேவமலர் நாட்குறிப்பில் எழுதினாள்: ‘ஜூலை 9: படத்தில் ஸுஹாவின் முகம் இன்னும் பாக்கி. நாளை வரைய வேண்டும். மெதுவாக.’