சாய்ந்தால் தெரியும் படம்

கடையில் பார்த்த இரண்டு டிவிகளுக்கும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே விலை. இடப்பக்கம் இருப்பவருக்கு ஒன்று, வலப்பக்கம் இருப்பவருக்கு வேறொன்று என்று ஒரே திரையில் காட்டும். சத்தமும் அவரவர் காதுக்கு மட்டும்தான்.

ரிமோட் சண்டையில் மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசாத அமலதாஸும் அவர் மனைவி ஜெசிந்தாவும் முதல் டிவியின் முன் உட்கார்ந்தார்கள். அவர் கார் பந்தயம் ஆடினார். அவள் சினிமா பார்த்தாள். திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"எதுக்குச் சிரிக்கே?" என்று எட்டிப் பார்த்தார். அங்கிருந்தும் அவருடைய கார்தான் தெரிந்தது. அது ஆளின் கண்ணையே பின்தொடரும் டிவி.

"சொன்னா சிரிப்பு வராது, விடுங்க."

இரண்டாவது டிவியின் முன் உட்கார்ந்தபோதும் அவள் சிரிக்க, அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் தோளில் சாய்ந்தார். கார் மறைந்தது, வேட்டி தடுக்கி மணமேடையில் விழுந்த மாப்பிள்ளை தெரிந்தான். அவரும் வெடித்துச் சிரித்தார். காதுக்குள் கார் எதிலோ மோதி நொறுங்கியது.

"இதுல அதுதான் அண்ணாச்சி குறை," என்றாள் விற்பனைப் பெண். "சாஞ்சா அடுத்தவங்க படம் வந்துரும். முதல் டிவியையே எடுத்துக்கோங்க."

ஜெசிந்தா தோளை அசைக்காமல் சொன்னாள்: "வேண்டாம்மா, குறை உள்ளதையே கட்டிக் கொடு."