விரலுக்குத் தெரிந்த மூலை

"இன்னும் கொஞ்சம் வளையட்டும் அண்ணே" என்றாள் அவள்.

கிடார் ரிப்பேர்காரர் ஹேர் டிரையரை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, வளைந்துபோன பிக்கார்டை, கிடார் முகத்தில் ஒட்டும் அந்தப் பிளாஸ்டிக் தகட்டை, நிமிர்த்தித் தரச் சொல்லித்தான் ஆட்கள் வந்திருக்கிறார்கள். நன்றாக இருப்பதை வளைக்கச் சொல்லி வந்தவள் இவள் ஒருத்திதான்.

"யோசிச்சுதான் சொல்றியாம்மா? நகம் பட்டு மரம் கீறக் கூடாதுன்னுதான் இந்தத் தகட்டையே ஒட்டறது. ஓரம் தூக்கிக்கிட்டு நின்னா விரலைப் பதம் பாத்துடும்."

"பாக்கட்டும். அப்பாவுக்கு அதுதான் வேணும்." அவள் அப்பா உட்கார்ந்திருந்த முன்னறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "பழைய தகடு வெயில்ல வெந்து, கீழ் மூலை மேல தூக்கிட்டு நிக்கும். வாசிக்கறப்ப அவர் சுண்டுவிரல் அதுல போய் உக்காந்துக்கும். கண்ணு போனப்புறம் அந்த மூலையை வெச்சுத்தான் கையே ஓடும்."

"அது என்னாச்சு?"

"அப்பா காய்ச்சல்ல படுத்திருந்தப்ப என் பையன் கிடாரைத் தள்ளிவிட்டு அந்தத் தகட்டை உடைச்சுட்டான். அவசரத்துக்கு வேற கடையில புதுசு ஒண்ணு ஒட்டினோம், தட்டையா இருக்கு. அப்பாவுக்குத் தெரியாது. கம்பி மாத்தணும்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கேன். அம்மாவும் போனப்புறம் அவருக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். தெரிஞ்சா ஒடிஞ்சுபோயிடுவார் அண்ணே."

முன்னறையிலிருந்து குரல் வந்தது. "என்ன தம்பி, கம்பி மாத்தறீங்களா, பிரசவம் பாக்கறீங்களா?"

"சுகப்பிரசவம்தான் ஐயா! தோ வந்துட்டேன்!"

ஒட்டியபடியே வளைக்க முடியாது என்று சூடு காட்டித் தகட்டை முழுதாகக் கழற்றியபோது அவர் கை ஒரு கணம் நின்றது. பழைய கிடாரில் தகட்டுக்கு அடியில் இருக்கும் மரம், வாட்சுப் பட்டைக்கு அடியில் இருக்கும் தோல் மாதிரி வெளுத்திருக்கும். இதில் எல்லா இடமும் ஒரே நிறமாக இருந்தது.

"வெளிச்சமே காட்ட மாட்டாரோ உங்கப்பா?"

"வாசிச்ச கையோட பொட்டியில வெச்சுப் பூட்டிடுவார் அண்ணே" என்றாள் அவள், சட்டென்று.

சரிதான் என்று அவர் வேலையில் இறங்கினார். சூடேற்றிய மூலையைக் கண்ணாடி பாட்டிலின் மேல் அழுத்தி, ஆறும்வரை பிடித்தார். அவள் கண்களை மூடிக்கொண்டு சுண்டுவிரலால் தடவிப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி சூடு, மறுபடி பாட்டில். விரல் எரிந்தாலும் அவர் முகம் சுளிக்கவில்லை. போனில்கூட விசாரிக்காத தன் பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். பெற்றால் இப்படி ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும்.

"இதேதான்!" கண் திறந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது.

தகட்டை ஒட்டி, புதுக் கம்பி பூட்டி, கிடாரைக் கொண்டுபோய்ப் பெரியவர் மடியில் வைத்தார் ரிப்பேர்காரர். சுண்டுவிரல் தேடிப் போய் மூலையில் உட்கார்ந்தது. பெரியவரின் தோள் தளர்ந்தது. வாசிக்க ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

"குரல் என்னவோ மாதிரி இருக்கே கண்ணு. யாரோ வேத்து ஆள் பேசற மாதிரி…"

அவள் ரிப்பேர்காரரைப் பார்த்தாள். அவர் முந்திக்கொண்டார். "புதுக் கம்பி ஐயா. பழகப் பழகச் சரியாயிடும்."

"தொழில் தெரிஞ்சவர் நீங்க சொன்னா சரி." பெரியவர் கிடாரைக் குழந்தை போல அணைத்துக்கொண்டு சிரித்தார். "இவ இருக்கறவரைக்கும் எனக்குக் கண்ணு போகலை தம்பி."

அப்பாவின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு அவள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கழற்றிய பழைய கம்பிகளைக் கொடுக்கலாம் என்று ரிப்பேர்காரர் பின்னாலேயே போனார்.

அவள் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "அப்பா நம்பிட்டாருடா தம்பி. அசல் கிடாரை வாங்க வந்த ஆள்கிட்ட குடுத்துட்டுக் காசை வாங்கிக்கோ."