உடம்புச் சூட்டில் ஒரு குழாய்

ஆய்வகத்து ஜன்னலில் சாயங்கால வெயில் மங்கிக்கொண்டிருக்கிறது. உடம்புச் சூட்டில் வைத்திருந்த சின்னக் குழாயை, ஒளி படாமல் சுற்றிய வெள்ளித்தாளோடு அவள் வெளியே எடுக்கிறாள். உள்ளே இருப்பவை டி.என்.ஏ. இழையின் துணுக்காகக் கைகோத்த இரண்டு குவானோசின்களும், கணவனின் புற்றுநோய்க்கு ஏற்றுகிற அதே பிளாட்டினம் மருந்தும். அவனுக்கு மருந்து ஏறும் நாளிலெல்லாம் அவளும் இங்கே ஒரு குழாயில் இதைக் கலந்து வைப்பாள், வேண்டுதல் மாதிரி. இனி ஏற்றிப் பயனில்லை என்று காலையில் டாக்டர் கைவிரித்துவிட்டார். ஆனாலும் கலந்திருக்கிறாள். பக்கத்து ஸ்டூலில், தொளதொளத்த சட்டைக்குள் எங்கேயோ அவன் உட்கார்ந்திருக்கிறான். ஒரு சொட்டை எடுத்து இயந்திரத்துக்குள் செலுத்துகிறாள். திரையில் மருந்து சேராத துணுக்கின் பழைய முகடு படுத்துக்கொள்ள, மருந்து பிடித்ததன் புது முகடு கூர்மையாக எழுகிறது.

"பாருங்க, ரெண்டையும் சேத்து எப்படிப் பிடிச்சிருக்கு! உங்ககிட்ட மட்டும் ஏங்க பிடிக்க மாட்டேங்குது?"

"பிடிக்காம என்ன? பிடிச்ச இடத்தையே வெட்டி எறிஞ்சிட்டுப் புதுசா தைச்சுக்குதுடி கட்டி. என்னை மாதிரிதான், சொன்ன பேச்சு கேக்காது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வெள்ளித்தாளை முழங்கால்மேல் வைத்து நகத்தால் சுருக்கம் நீக்குகிறான்.

"வீட்டுக்குப் போலாமா?"

"இருங்க. இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடறேன்."

அதே விடைதான் வரும், இருவருக்கும் தெரியும். மூடிய குழாயை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிடுகிறாள். அந்தக் கையைவிடக் குழாய்தான் சூடாக இருக்கிறது. திரையில் கோடு மறுபடியும் எழுகிறது, ஒரு குறையும் இல்லாமல்.