ஒரு சாமான் குறையுது

"இன்னிக்கு என்ன இல்லையாம்?"

வேலையிலிருந்து வந்த கணவர் தோள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, அதற்குள் கேட்டுவிட்டார்.

"தேன். நாளைக்கு வந்துடுமாம்" என்றாள் மனைவி.

"நேத்து கோதுமை மாவு. முந்தாநாள் எண்ணெய். ஒண்ணு இருந்தா ஒண்ணு இல்ல. அதுக்குப் பேரு கடையா?"

பம்பு செட் கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பெட்டியில் ஒரே ஒரு போல்ட் குறைந்தாலும் மொத்த லாரியையும் திருப்பி அனுப்புகிற மனுஷன். வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருப்பாரா?

மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. மகள் வெளியூரில், காலேஜ் ஹாஸ்டலில். காலை ஏழரைக்குக் கிளம்புகிற கணவர் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் தலையைக் காட்டுவார். எதிர் ஃபிளாட் கதவில் எப்போது பார்த்தாலும் பூட்டு.

அடுத்த தெருவில்தான் அந்த ஆர்கானிக் கடை. அதை ஒட்டி முட்டைக்கென்றே ஒரு கடை, அதற்கடுத்து தன் தோட்டத்துக் காய்களை மட்டும் விற்கிற ஒருத்தர். மூன்றையும் சேர்த்தாலும் சூப்பர் மார்க்கெட்டின் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் அவளுக்கு அந்தத் தெருவுக்குள் நுழைந்தாலே முகம் மலர்ந்துவிடும்.

"கேரட் மண்ணோடவே இருக்குங்க. மாவைக் கண்ணு முன்னாடியே அரைச்சுத் தர்றாங்க, வீடு வர்ற வரைக்கும் பை சூடா இருக்கு. பீன்ஸை ஒடிச்சு, 'கடிச்சுப் பாருங்கக்கா'ன்னு கையில குடுக்கறாங்க. அந்த முட்டைக்காரர் ஒவ்வொரு முட்டையிலயும் பென்சில்ல தேதி எழுதி வைக்கிறாரு, தெரியுமா?"

"தேதி எழுதினா மட்டும் முட்டை பெருசாயிடுமா?" என்றபடி அவர் டிவியைப் போட்டார்.

பழைய ஊரில் அவளுக்கு மாடி வீட்டு சிநேகிதி ஒருத்தி இருந்தாள். பதினோரு மணிக்கு இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்தால், காய் நறுக்கி முடிந்த பிறகும் பேச்சு முடியாது. 'வேலைவெட்டி இல்லாதவங்க மாநாடு' என்று கணவர் கிண்டல் அடிப்பார். இப்போதும் பதினோரு மணி ஆனால் அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. அந்தப் படிக்கட்டுக்கு மனசு அப்படி ஏங்கும்.

"இனிமே அந்தக் கடை வேண்டாம்" என்றார் கணவர், விளம்பர இடைவேளையில். "ஞாயித்துக்கிழமை சூப்பர் மார்க்கெட் போய் மாசத்துக்கு வேண்டியதை மொத்தமா அள்ளிட்டு வந்துடலாம்."

அவள் முகம் சுண்டிப்போனது. "வேண்டாங்க. ஏதோ ஒரு சாமான்தானே குறையுது. நான் நடந்து போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"உனக்கு விவரம் பத்தலை. நாளைக்கு எனக்கு அரை நாள்தான். நானே போய் ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வர்றேன்."

"நீங்க எதுக்குங்க..." என்று ஆரம்பித்தவள், சமையலறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் கம்பெனியிலிருந்து நேராகக் கடைக்குப் போனார்.

சின்னக் கடை. ஒரு பக்கம் மாவு மிஷின், ஒரு பக்கம் மரத்தட்டுகள். கல்லாவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல், அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல். நடுத்தட்டில் தேன் பாட்டில்கள் வரிசையாக நின்றன. எண்ணினார். பதினாலு.

ஒன்றை எடுத்து, கடைக்காரம்மா முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நேத்து என் மனைவிகிட்ட தேன் இல்லைன்னீங்களாமே? அப்போ இது என்ன?"

"நேத்து சாயங்காலம்தான்..." என்று இழுத்தாள் அந்த அம்மாள்.

"மூடில போன வாரத் தேதி இருக்கு. ஊருக்குப் புதுசுன்னு தெரிஞ்சு, தினமும் அவளை நடக்க வெச்சு ஏமாத்தறீங்க. நல்லா இருக்கா இது?"

கடைக்காரம்மா தராசைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன் சார். ஏமாத்தறேன்னு சொல்லிட்டீங்க, அதனால சொல்றேன். முதல் வாரம் அக்கா எல்லாத்தையும் வாங்கிட்டு வாசல் வரைக்கும் போனாங்க. என்ன நினைச்சாங்களோ, திரும்பி வந்து பையிலேர்ந்து ஒரு பாட்டிலை எடுத்துத் தட்டுல வெச்சாங்க. 'இது இன்னிக்கு இல்லைன்னு வெச்சுக்கலாமா? சும்மா பேசிட்டு வரப் போறேன்னா எங்க வீட்ல சிரிப்பாரு. ஒரு சாமான் குறையுதுன்னா போக விட்டுடுவாரு'ன்னாங்க."

நீட்டிய பாட்டிலை அவர் மெல்லக் கீழே இறக்கினார்.

"நானும் இங்க தனி ஆள்தான் சார். பதினோரு மணி ஆனா எனக்கும் வாசல் மேலதான் கண்ணு" என்றாள் அந்த அம்மாள்.

அவருக்குச் சுருக்கென்றது. இந்த ஊருக்கு வந்து ஒரு நாள்கூட மனைவியோடு சேர்ந்து இந்தத் தெருவில் நடந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

செல்போன் அடித்தது. மனைவிதான்.

"என்னங்க, கடைக்குப் போனீங்களா? அவங்களை ஒண்ணும் சொல்லிடாதீங்க. என்ன சொன்னாங்க?"

கையிலிருந்த பாட்டிலைச் சத்தம் வராமல் தட்டில் வைத்துவிட்டு, அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நீ சொன்னது சரிதான். தேன் இன்னிக்கும் இல்லையாம். கிளம்பி வாயேன், வேற என்னவெல்லாம் இல்லைன்னு ரெண்டு பேருமா உக்காந்து கேட்டுட்டு வரலாம்."