பன்னிரண்டாவது சேலை

“வேண்டாம்மா” என்றாள் இசைவாணி.

நீட்டிய சேலை சுப்புத்தாயம்மாள் கையிலேயே நின்றது. மைக்குக்குப் பக்கத்தில் நின்று சொன்னதால், மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டுவிட்டது.

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் சங்கரலிங்கத்தின் அறக்கட்டளை விழா அது. சுப்புத்தாயம்மாள் அவர் மனைவி. இசைவாணி பக்கத்திலிருக்கும் விஸ்வநத்தத்துப் பெண். அவர்கள் உதவியில் மூன்று வருடம் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்து, கல்லூரியிலேயே முதலாவதாக வந்திருக்கிறாள்.

அடுத்து நேரடியாக இரண்டாம் வருட பி.இ. அந்தச் செலவையும் ஏற்றுக்கொள்ளும் கடிதம் ஒரு கவருக்குள் சங்கரலிங்கம் கையில் இருந்தது. கிடைத்தால் என்ஜினீயர். கிடைக்காவிட்டால் அம்மாவோடு பட்டாசு வேலை. நடுவில் வேறு வழி கிடையாது.

கவருக்கு முன்னால் ஒரு மரியாதை. படிக்கிற பிள்ளையின் தாயாருக்கு ஒரு சேலை. வழவழவென்று மினுங்கும் சேலைகள், சுப்புத்தாயம்மாளே கடைக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து எடுத்தவை. பதினோரு பிள்ளைகள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். பன்னிரண்டாவதாக வந்தவள்தான் வேண்டாம் என்கிறாள்.

“ஏ புள்ள, கொடுக்கிறத வாங்கிக்கிடு, ஆத்தா” என்று மூன்றாவது வரிசையிலிருந்து கெஞ்சினாள் அவள் அம்மா வெள்ளைத்தாய்.

இசைவாணி அசையவில்லை.

“என்னம்மா, கலர் பிடிக்கலையா?” என்று கேட்டார் சங்கரலிங்கம். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

“கலர் நல்லாருக்குங்கய்யா. நூல் சேலையா இருந்தா வாங்கிக்கிடுதேன்.”

அவ்வளவுதான், மண்டபம் சலசலத்தது.

“பாத்தீகளா திமிர? மூணு வருசம் அவுக காசுல படிச்சிட்டு, இப்ப சேலையில நொட்டம் சொல்லுதா” என்றாள் ஒருத்தி.

“ரெண்டெழுத்துப் படிச்சாலே தலக்கனம் ஏறிருது” என்றார் இன்னொருவர்.

மேனேஜர் ரத்தினசாமி மேடைக்கே ஏறி வந்துவிட்டார். “ஏலா, பெரிய மனுசங்க முன்னால இப்படியா பேசுவாக? வாங்கிட்டு எறங்கு.”

சங்கரலிங்கத்தின் சிரிப்பு போய்விட்டது. கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இசைவாணி அதைப் பார்த்தாள். பிறகு மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, சுப்புத்தாயம்மாள் பக்கம் குனிந்தாள்.

“அம்மா, கைய ஒரு நிமிசம் நீட்டுதீகளா?”

அந்த அம்மாள் எரிச்சலோடு நீட்டினார். இசைவாணி சேலையின் மடிப்பை நாலு தடவை பரபரவென்று தேய்த்து, அந்தக் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கையிலிருந்த பூனை முடியெல்லாம் எழுந்து நின்றது. அடுத்த நொடி விரல் நுனியில் சுருக்கென்றது.

“என்னலா இது?” என்று கையை உதறினார்.

“நைலான்மா. உரசுனா கரண்டு பிடிக்கும். வீட்டுல ஒண்ணும் செய்யாது. எங்கம்மா ஒங்க கம்பெனியிலதான் வெடிமருந்து செலுத்துற ரூம்ல இருக்காக. அங்கன இந்தச் சுருக்கு ஒண்ணு போதும்.”

சுப்புத்தாயம்மாள் சுருக்கென்ற விரலைத் தேய்த்துக்கொண்டார்.

“கடையில வாங்குன நைலான் சேலைன்னா வாட்ச்மேன் கேட்லயே திருப்பி அனுப்பிருவாரு. இது மொதலாளியம்மா கொடுத்தது. யாரும்மா தடுப்பா? ஒங்களுக்கு மரியாதை செய்யணும்னு நாளைக்கே கட்டிட்டு வருவாக. வாங்கிட்டுப் போன பதினோரு பிள்ளைகள்ல நாலு பேரோட அம்மாவும் அதே ரூம்தான்.”

“இத மைக்லயே சொல்லியிருக்கலாம்லா? சனம் ஒன்னயத்தான ஏசுது.”

“ஆசையா எடுத்துட்டு வந்திருக்கீக. அம்புட்டு சனத்துக்கு முன்னால எப்படிம்மா சொல்ல?”

சுப்புத்தாயம்மாள் அவளைப் பார்த்தபடியே நின்றார். ஊதினால் பறந்துவிடும் போலிருக்கும் இந்த உடம்புக்குள் இவ்வளவு நெஞ்சுரமா என்று மலைப்பாக இருந்தது. தன் பி.இ. போனாலும் பரவாயில்லை என்று நின்றிருக்கிறாள். அதிலும் தங்கள் மானம் போகக் கூடாது என்று பார்த்திருக்கிறாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் நின்ற சங்கரலிங்கத்துக்கும் எல்லாம் கேட்டிருந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது. மைக்கைக் கையில் எடுத்தார்.

“சேலை வாங்குன தாய்மாருக கோவிச்சுக்கிடாம அதத் திருப்பித் தந்திருங்க. நைலான் சேலை நம்ம தொழிலுக்கு ஆகாது. தப்பு எங்க மேலதான். அந்தப் புள்ள சொல்லித்தான் எங்களுக்கே உறைச்சுது. வர்ற வாரம் ஒங்க வீட்டுக்கு நூல் சேலை வரும்.”

திமிர் என்று சொன்னவள்தான் முதலில் எழுந்துவந்து, மடியிலிருந்த சேலையை ரத்தினசாமியிடம் கொடுத்தாள். அவளும் அதே மருந்து ரூம்காரி.

சங்கரலிங்கம் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து, மடிப்பை நீவி, இரண்டு கையாலும் இசைவாணியிடம் கொடுத்தார்.

“இதெல்லாம் பாலிடெக்னிக்ல சொல்லிக்குடுத்தாங்களாம்மா?”

“அது பெறகுங்கய்யா. அஞ்சாப்பு படிக்கையில அம்மாவுக்குச் சோறு கொண்டுட்டு வருவேன். நைலான் துணியோட உள்ள வரக் கூடாதுன்னு ஒங்க கம்பெனி கேட்ல ஒரு போர்டு உண்டு. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நாந்தான் வாசிச்சுச் சொன்னேன்.”

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்:

“கடைசி வரியில ஒங்க பேருதான் போட்டிருந்துச்சுங்கய்யா.”