அறுந்த செம்புக்கோடு

உள்ளறையில் தொப்பென்று சத்தம். கதிரேசன் ஓடிப்போய்ப் பார்த்தான். நடமாட முடியாத மாமனார் கட்டிலுக்குக் கீழே ஈர வேட்டியோடு கிடந்தார். அழைப்பு மணியின் பொத்தானை அவருடைய கை இன்னமும் அழுத்திக்கொண்டிருந்தது. மணிதான் ஒலிக்கவில்லை.

அந்த மணியின் சர்க்யூட் போர்டு கதிரேசன் வீட்டிலேயே செய்தது. செம்புத் தகட்டில் மின்சாரம் ஓடவேண்டிய கோடுகளை இஸ்திரிப் பெட்டியால் ஒற்றி, கரைசலில் போட்டு மிச்சச் செம்பை அரித்தெடுத்து, அவன் மாட்டிக் கொடுத்தபோது மாமனார் வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமை பேசினார். ஆனால் ஃபேனைக் குறைக்க, கூட்ட, நேரம் கேட்க என்று ஓயாமல் அழுத்தினார். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் கதிரேசனுக்கு இன்று முக்கியமான மீட்டிங். காலையில் அவர் அசந்திருந்த நேரத்தில், பிளேடால் ஒரு செம்புக்கோட்டைச் சுரண்டி அறுத்துவிட்டான். மயிரிழை அகலம்தான்.

மாற்று வேட்டியோடு வந்த வைதேகி கணவனைப் பார்த்துச் சீறினாள்.

"கடையில ஒண்ணு வாங்குங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே! பெரிய விஞ்ஞானி!"

கதிரேசன் குனிந்து மாமனாரைத் தூக்கினான். மாமனார் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார்.

"மாப்பிள்ளையத் திட்டாதம்மா. அவர் செஞ்சது சரியாத்தான் இருக்கும். என் விரல்லதான் பலமில்ல."